மைனி கையால் ஒரு டெஸ்ட்

ஜூன் 9, திங்கள்

டைரி எழுதச் சொன்னது டாக்டர். "கோவம் வந்தா யாரையும் ஏசாம எழுதி வைங்கம்மா, பிரஷர் இறங்கும்" என்றார். எழுதுகிறேன். இறங்குகிறதா பார்ப்போம்.

இன்று காலை என் வீட்டுக்காரர் ஆவுடையப்பன் மருந்துக்கடையைத் திறக்கப் போகாமல் வாசலில் ஒரு சாக்குப் பையோடு நின்றுகொண்டிருந்தார்.

"என்னது அது?"

"போர்டு. எல்இடி சுவருக்குள்ள மாட்டுத கம்ப்யூட்டர் போர்டு. அக்கா புதுசா வாங்கிருக்கா. ஒண்ணுகூட எந்திரிக்க மாட்டேங்கு. நீ பாப்பியான்னு…"

"உங்க அக்கா கேட்டாவளா, நீங்க கேக்கியளா?"

"நான்தான்" என்றார். பொய். பொய் சொன்னால் அவருக்குக் காது மடல் சிவந்துவிடும்.

அக்கா என்பது செண்பகவல்லி. எனக்கு மைனி. 'செண்பகா ஒலி ஒளி' முதலாளி. தென்காசிப் பக்கம் கல்யாணமோ, கோயில் கொடைத் திருவிழாவோ, கட்சிக் கூட்டமோ, எதுவானாலும் மேடைக்குப் பின்னால் சுவர் மாதிரி பெரிய எல்இடி திரையை நிறுத்துவது அவள்தான். போன மாசியில் எங்கள் புது வீட்டுப் பால்காய்ச்சு அன்று, ஒரு காரணமும் இல்லாமல், போட்ட திரையைப் பாதியில் கழற்றிக்கொண்டு கிளம்பிப் போனாள். அன்றிலிருந்து பேச்சு கிடையாது. போனால் போகட்டும், எனக்கென்ன.

ஆனால் சாக்கை வாங்கி வைத்துக்கொண்டேன். அவளுக்காக இல்லை. அந்தப் போர்டை எழுப்புவது பூட் லோடரின் வேலை. மெஷினில் கரண்ட் ஏறியதும் முதலில் கண் விழிக்கிற சின்ன புரோகிராம் அது. ராம் என்கிற தற்காலிக மெமரி எங்கே இருக்கிறது, திரை எங்கே இருக்கிறது என்று தேடிப் பிடித்து, கடைசியில் பெரிய சாஃப்ட்வேரைத் தட்டி எழுப்பிவிட்டுத் தான் ஒதுங்கிக்கொள்ளும். அது விழிக்காவிட்டால் எத்தனை விலை கொடுத்த மெஷினும் வெறும் கட்டை. பெங்களூரில் இத்தனை வருஷம் நான் பார்த்த வேலை இதுதான். கம்பெனி எங்கள் டீமையே கலைத்துவிட்டது, நான் ஊருக்கு வந்துவிட்டேன்.

'ரூஸ்டர்' என்று ஒரு பூட் லோடர் இருக்கிறது. சம்பளம் இல்லாமல் பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து எழுதுவது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். இந்தப் போர்டின் பழைய மாடலுக்கு அதில் ஏற்கெனவே கோடு, அதாவது புரோகிராம் எழுத்து, இருக்கிறது. புது மாடலில் போர்டு கம்பெனிக்காரன் ராம் சிப்பை மாற்றிவிட்டான், அதனால்தான் எழும்பவில்லை. நான் புது மாடலுக்கு எழுதிச் சேர்த்தால் அந்தப் போர்டுக்குப் பராமரிப்பாளர் என்று என் பெயர் ஏறும். உலகம்மை, தென்காசி. அது எனக்கு வேண்டும். யாராவது விசாரித்தால் "அவ வீட்ல சும்மாதான் இருக்கா" என்கிறார்களே, அவர்களுக்குக் காட்டுவதற்காக என்று நினைத்தேன். அப்படி இல்லை. எனக்கே வேண்டியிருக்கிறது.

ஜூன் 11, புதன்

போர்டில் உயிர் இல்லை. சாரல் குளிரில் தோசை மாவும் பொங்கவில்லை.

ஜூன் 14, சனி

இன்று மூச்சு வந்தது. போர்டிலிருந்து ஒரு ஒயரை என் லேப்டாப்புக்கு இழுத்து வைத்திருக்கிறேன். உள்ளே என்ன நடக்கிறது என்று அது எழுத்தாகக் கொண்டுவந்து காட்டும். எந்த இடம் வரைக்கும் ஓடி எந்த இடத்தில் விழுகிறது என்று தெரிய, கோடு நடுவில் அங்கங்கே ஒரு வரி எழுதி வைப்பது எங்கள் பிழைப்பில் எல்லோருக்கும் உள்ள பழக்கம். சிலர் 'இங்கே 1', 'இங்கே 2' என்று போடுவார்கள். சிலர் சாமி பெயர் போடுவார்கள். நான் என் மனசுக்கு ஆறுதலாக ஐந்து வரி போட்டேன்:

செண்பகம் 1: கண்ணு முழிச்சாச்சு.
செண்பகம் 2: கொட்டாவி விடுது.
செண்பகம் 3: வாய் தொறந்தாச்சு, காதப் பொத்து.
செண்பகம் 4: இனிமே நிக்காது.
செண்பகம் 5: கடை பேரு வரும், வேற என்னத்த வரும்.

நிதானமாகப் படிக்க வேண்டுமென்று ஒவ்வொரு வரிக்கும் பிறகு மூன்று நொடி நிற்கச் சொல்லியிருக்கிறேன். இப்போதைக்கு இரண்டோடு நின்றுவிடுகிறது. ராம் சிப்பைத் தொட்டதும் செத்துவிடுகிறது. இருந்தாலும் 'கொட்டாவி விடுது' என்று படித்ததும் சிரித்துவிட்டேன். பிரஷர் பார்த்தேன், இறங்கித்தான் இருக்கிறது.

ஜூன் 19, வியாழன்

வாய் திறந்தாள்! ராம் பிடிபட்டுவிட்டது. புது சிப்பின் அளவுகளை எடுத்து எழுதினேன், மூன்று, நான்கு என்று ஓடியது. சமையலறைக்கு ஓடி அவரிடம் "செண்பகம் வாய் தொறந்துட்டா!" என்று கத்தினேன். பாவம் மனுஷன், அக்கா போன் பண்ணினாளோ என்று ஒரு நிமிஷம் முகமெல்லாம் மலர்ந்து போனார். விஷயத்தைச் சொன்னதும் முட்டைக்கோஸை மறுபடி நறுக்க ஆரம்பித்துவிட்டார்.

சாயங்காலம் எழுதின கோடு முழுவதையும் துடைத்துச் சுத்தம் செய்து, அந்த ஐந்து வரியையும் எடுத்துவிட்டு, தனி போல்டரில் வைத்து ரூஸ்டரின் மெயில் குழுவுக்கு அனுப்பினேன். முதல் தடவை.

ஜூன் 24, செவ்வாய்

அந்தப் பகுதிக்குப் பொறுப்பான ஜெர்மன்காரர் ஹெனிங்கிடமிருந்து பதில். தலைப்பில் கடைசியில் புள்ளி வைக்கக் கூடாதாம். நாற்பதாவது வரியின் முடிவில் ஒரு காலி இடம் இருக்கிறதாம். கண்ணுக்கே தெரியாத காலி இடம்! அதைக் கண்டுபிடித்து எழுதியிருக்கிறார், நல்லா இருக்கட்டும்.

அது போகட்டும். கடைசியில் ஒன்று சொன்னார்: "எழுதியவரே சோதித்தது போதாது. இதே போர்டு வைத்திருக்கும் இன்னொருவர் தன் இடத்தில் ஓட்டிப் பார்த்து, தன் மெயிலிலிருந்து, 'சோதித்தவர்: இன்னார்' என்று ஒரு வரி அனுப்ப வேண்டும். ஜூலை 31 மாலைக்குள்." அதற்குள் வராவிட்டால் கதவடைப்பு. அது மட்டுமில்லை, கவனிக்க ஆள் இல்லாத பழைய போர்டுகளை இந்தத் தடவை மொத்தமாகத் தூக்கப் போகிறார்களாம். பழைய மாடலின் கோடு போய்விட்டால் என்னுடையது நிற்க இடமே இருக்காது.

ஜூன் 26, வியாழன்

இந்தப் போர்டு உலகத்தில் வேறு யாரிடம் இருக்கிறது என்று தேடினேன். செய்தவன் கம்பெனியை மூடிவிட்டான். பெரு நாட்டில் ஒருவர் பதில் போட்டார்: இருந்ததாம், பழைய இரும்புக்குப் போட்டுவிட்டாராம்.

சாப்பிடும்போது அவரிடம் சொன்னேன். அவர் சொதிக் குழம்பை ஊற்றிக்கொண்டே இருந்தார். தட்டு நிரம்பி வழிகிறது, இன்னும் ஊற்றுகிறார்.

"அப்ப அக்காட்டதான் இருக்கு" என்றார்.

"இருந்தா இருக்கட்டும்."

"அக்காவுக்கும் அவசரந்தான். ஆடிக் கொடைக்குத் திரை ஒத்துக்கிட்டிருக்கா. பழைய போர்டெல்லாம் மழைல போய்ட்டு."

"நான் என்ன பண்ணுததுக்கு? நானா கோவிச்சிக்கிட்டுப் போனேன்? நான் எங்க அம்மாட்ட மெதுவா ஒரு வார்த்த சொன்னேன், அவ்வளவுதான்."

"மெதுவாத்தான் சொன்ன. கைல மைக்கு இருந்துச்சே" என்றார் அவர்.

மைக் ஆனில் இருந்தால் அது யார் தப்பு? மைக் வைத்தவர் தப்பு. அதைத்தான் நான் அன்றே சொன்னேன்.

ஜூலை 1, செவ்வாய்

தூது போய்விட்டு வந்தார். அக்கா டெஸ்ட் பண்ணத் தயாராம். ஆனால் ஒரு நிபந்தனை. கொடையில் அடிக்கடி ஜெனரேட்டரை மாற்றுவார்கள், கரண்ட் போய்ப் போய் வரும். ஒவ்வொரு தடவையும் திரை கொஞ்ச நேரம் கருப்பாக நின்றால் ஜனங்கள் விசிலடிக்கிறார்களாம். கரண்ட் வந்த உடனே, பெரிய சாஃப்ட்வேர் எழும்பும் முன்னால், 'செண்பகா ஒலி ஒளி' என்று கிளிப் படத்தோடு வர வேண்டுமாம்.

"விளம்பரமா?" என்றேன்.

"முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிட்டுப் போட்டும்னு அக்கா சொல்லுதா."

முடியாதாம்ல! யாரைப் பார்த்து? பூட் லோடரே படம் காட்டுவதென்றால் திரையை ஓட்டுகிற டிரைவர் புரோகிராமைப் புதிதாக எழுத வேண்டும். இந்தப் போர்டில் இதுவரை உலகத்தில் எவனும் செய்யவில்லை. செய்து காட்டுகிறேன்.

ஜூலை 7, திங்கள்

கிளி வந்துவிட்டது. தலைகீழாக.

ஜூலை 8, செவ்வாய்

கிளி நிமிர்ந்துவிட்டது. ஆனால் மூக்கு நீலம். சிவப்பும் நீலமும் இடம் மாறிக் கிடக்கின்றன. பச்சைக்குப் பாதகம் இல்லை. அப்படியே கொடுத்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். நினைப்பதில் தப்பில்லை. பிறகு சரி செய்துவிட்டேன்.

இன்னொரு வசதியும் சேர்த்தேன். உள்ளே ஓடுகிற எழுத்தெல்லாம் ஒயர் இல்லாமலே திரையிலும் ஓடும்படி வைத்தேன். இனிமேல் லேப்டாப்பை இழுத்துக்கொண்டு அலைய வேண்டாம். நல்ல காரியம் செய்தோம் என்று எனக்கு நானே ஒரு காபி போட்டுக் குடித்தேன்.

ஜூலை 16, புதன்

மெயில் குழுவுக்கு வெறும் எழுத்தில்தான் மெயில் போக வேண்டும். படம், கலர், கோணல் எழுத்து எதுவும் இருந்தால் திருப்பி அடித்துவிடும். இதை அவர் வழியாக மைனிக்குச் சொல்லி அனுப்பி, ஒரு சோதனை மெயில் போடச் சொன்னேன். மைனி போட்டிருக்கிறாள்: ரோஜாப்பூ, அதன் மேல் பனித்துளி, கீழே 'இனிய காலை வணக்கம்'. குழு திருப்பி அடித்துவிட்டது. "ஜெர்மன்காரனுக்கு மரியாதையே தெரியல" என்றாளாம்.

இரண்டாவது தடவை வாய்ஸ் மெசேஜை இணைத்து அனுப்பியிருக்கிறாள். அதுவும் திரும்பி வந்தது. மூன்றாவது தடவை அவள் கடை ஆபரேட்டர் மைதீன் உட்கார்ந்து சரியாக அனுப்பிவிட்டான். 'டெஸ்ட்' என்று ஒரே வார்த்தை. ஹெனிங் அதற்கும் பதில் போட்டார்: "என்ன டெஸ்ட்?"

ஜூலை 22, செவ்வாய்

இன்று எட்டாவது தடவையாக அனுப்பினேன். ஹெனிங்குக்குக் குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை போல, "கோடு சரி. சோதித்தவர் யார்?" என்று மட்டும் கேட்டிருக்கிறார்.

மைனிக்கு மெமரி கார்டு தயார் செய்தேன். அடுப்பில் புளிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது, இவர் வாசலில் வண்டியை முறுக்கிக்கொண்டு "ஆச்சா, ஆச்சா" என்கிறார். என் வேலை போல்டர் திறந்தே கிடந்தது, அதிலிருந்தே கார்டைச் செய்து, ஒரு போர்டை மட்டும் வைத்துக்கொண்டு, சாக்கையும் சேர்த்துக் கொடுத்தனுப்பினேன். அதே கோடுதானே. குழம்பு கொஞ்சம் அடிப்பிடித்துவிட்டது.

ஜூலை 28, திங்கள்

எழுதித்தான் ஆக வேண்டும்.

வடகரைப் பக்கம் ஒரு ஊரில் நாளைக்கு அம்மன் கொடை. மைனி இன்று மத்தியானம் திரை போடுகிறாள் என்று இவர் சொன்னார். நான் அம்மனைக் கும்பிடப் போனேன். திரையைப் பார்க்கப் போகவில்லை. அம்மன் சன்னதிக்கு நேர் எதிரில்தான் திரை இருந்தது, அதற்கு நான் என்ன செய்ய முடியும்? வளையல் கடைப் பந்தலுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

பந்தல்காரர்கள், கணியான் கூத்துக்காரர்கள், பொங்கல் பானையோடு பெண்கள் என்று நல்ல கூட்டம். மைனி நாற்காலியில் உட்கார்ந்து "மைதீனு, போடு" என்றாள். ஜெனரேட்டர் உறுமியது. திரையில் வெளிச்சம் வந்தது. பெருமையில் நான் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன்.

அப்புறம் எழுத்து வந்தது. ஆள் உயர எழுத்து. செண்பகம் 1: கண்ணு முழிச்சாச்சு.

நான் இங்கிலீஷ் எழுத்தில்தான் அடித்திருந்தேன். மைதீனுக்கு என்ன கேடு, எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படிக்கிறான். அவனும் பாவம், மெஷின் என்னவோ சொல்லுகிறது, முதலாளியிடம் சொல்ல வேண்டுமே என்று படிக்கிறான். மூன்று நொடி நின்றது. செண்பகம் 2. கொட்டாவி. மறுபடி மூன்று நொடி. 'வாய் தொறந்தாச்சு' என்று படித்தவன் குரல் இறங்கிவிட்டது. 'காதப் பொத்து' என்பதை அவன் படிக்கவில்லை, பந்தல் மேலே இருந்தவர் படித்தார். நான்காவதும் ஐந்தாவதும் வந்து, அதன் பிறகு கிளி, சிவந்த மூக்கோடு, அழகாக, செண்பகா ஒலி ஒளி.

எல்லோரும் திரையை விட்டு மைனியைப் பார்த்தார்கள்.

"ஆஃப் பண்ணு" என்றாள் மைனி. ஆஃப் செய்தான். "ஆன் பண்ணு." மறுபடி ஐந்து வரியும் வந்தன. "இன்னொரு தரம்." அவள் ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். இந்தத் தடவை கூட்டத்தில் சிரிப்பு அடங்கவில்லை. பூசாரி வெளியே வந்து, "என்ன செண்பகம், புதுப் பாட்டா?" என்று கேட்டார்.

"எங்க வீட்டுப் பாட்டு அண்ணாச்சி" என்றாள்.

கத்தவில்லை. அதுதான் எனக்குப் பயம். திரை போட உதவிக்கு வந்திருந்த இவர் வானத்தைப் பார்த்துக்கொண்டு, மழை வருமா என்று யாரிடமோ கேட்டார். நான் ஒரு டஜன் வளையல் வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். அளவுகூடப் பார்க்கவில்லை.

ஜூலை 29, செவ்வாய்

காலையிலேயே சுத்தமான கார்டு செய்து இவரிடம் கொடுத்தனுப்பினேன். திருப்பிக் கொண்டுவந்துவிட்டார். "இதுவே இருக்கட்டும்னுட்டா."

கொடை நடக்கிறது. ஜெனரேட்டர் மாற்றும்போதெல்லாம் ஐந்து வரியும் ஓடுகிறதாம். மூன்றாவது வரி வந்ததும் பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து கத்திக்கொண்டு காதைப் பொத்துகிறார்களாம். என் சித்தி மகள் அதை வீடியோ எடுத்து எனக்கே அனுப்பி, "யாரு அக்கா எழுதினது, செம காமெடி" என்று கேட்டிருக்கிறாள். போனை அரிசிப் பானைக்குள் போட்டு மூடிவிட்டேன்.

ஜூலை 30, புதன்

மைனி ஒருபோதும் அனுப்ப மாட்டாள் என்று நினைத்தேன். அனுப்பிவிட்டாள். வெறும் எழுத்தில், கலர் இல்லாமல், ரோஜா இல்லாமல், நான் சொல்லிக்கொடுத்தபடியே. 'சோதித்தவர்: செண்பகவல்லி.' கீழே போர்டு ஓடிய விவரம் முழுக்க இணைப்பு. அதுவும் நான் சொல்லிக்கொடுத்ததுதான். ஐந்து வரியும் அதில் இருக்கின்றன. இப்போது அது உலகம் பூராவும் போய்விட்டது. ஒருமுறை குழுவுக்குப் போன மெயிலை அழிக்கவே முடியாது.

ஹெனிங் பதில்: "ஒன்று. ஓடிய புரோகிராமின் பெயரில் 'அழுக்கு' என்று முத்திரை இருக்கிறது. அப்படியென்றால் நீங்கள் எங்களுக்கு அனுப்பிய கோடு வேறு, சோதித்தது வேறு. இந்தச் சோதனை செல்லாது. இரண்டு. செண்பகம் என்பது என்ன? ராமைத் தயார் செய்யும் புதிய முறையா? ஆவணத்தில் எங்கேயும் காணோமே."

முத்திரை சரிதான். கைவேலை பாதியில் கிடக்கிற போல்டரிலிருந்து செய்தால் ரூஸ்டர் தானாகவே அப்படி முத்திரை குத்திவிடும். இதைச் சின்னப் பிள்ளைக்குக்கூட நான் சொல்லிக்கொடுப்பேன். நானே செய்திருக்கிறேன், புளிக்குழம்புக்காக.

நாளைக்குச் சாயங்காலம் கதவடைப்பு. நாளைக்குள் மைனி மறுபடி டெஸ்ட் செய்து மறுபடி அனுப்ப வேண்டும். இவரிடம், "நீங்க போயி…" என்று ஆரம்பித்தேன். "நான் போ மாட்டேன் உலகு" என்றார். கல்யாணம் ஆன நாளிலிருந்து இந்த மனுஷன் என்னிடம் மாட்டேன் என்று சொன்னதே கிடையாது.

ஜூலை 31, வியாழன்

காலையில் மைனி கடைக்குப் போனேன். மைனி தரையில் உட்கார்ந்து ஒயர் சுற்றிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தே பார்க்கவில்லை.

"மைனி."

"மைதீனு, யாரோ வந்திருக்காவ, என்ன வேணும்னு கேளு."

"மைனி, இன்னொரு தரம் டெஸ்ட் பண்ணணும். இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள."

"நேத்தே பண்ணி அனுப்பியாச்சில்லா?"

"அது செல்லாதாம். நான் தப்பான கார்டக் குடுத்துட்டேன்."

"ஊரு முழுக்கச் செல்லுச்சே" என்றாள். மைதீன் வெளியே போய்விட்டான், புத்திசாலி.

"அந்த வரியெல்லாம் அடையாளத்துக்குப் போட்டது மைனி. எங்க வேலைல எல்லாரும் போடுததுதான்."

"எல்லாரும் நாத்தனா பேரத்தான் போடுதாவளோ?"

அவள் ஒயரைக் கீழே போட்டாள்.

"பால்காய்ச்சு அன்னைக்கு நான் என்ன சொன்னேன்? 'சும்மாதான இருக்க, எல போடு உலகு'ன்னேன். அதுக்கு நீ உங்க அம்மாட்ட என்ன சொன்ன? 'இவளுக்கும் ஒரு சுவிட்ச் வச்சிருக்கலாம், அமத்திரலாம்'னு சொன்ன. எங்க மாமியா வீட்டு ஆளுக அத்தன பேரும் உக்காந்திருக்கும்போது சொன்ன."

"மைக்கு ஆஃப்ல இருக்குன்னு நெனச்சேன்."

"எம் மைக்கு என்னைக்குட்டி ஆஃப்ல இருந்திருக்கு?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கினேன். அவளும் அடக்கினாள் என்று நினைக்கிறேன், உதடு ஒரு பக்கம் இழுத்தது. ஆனால் கண் கலங்கியிருந்தது.

"நீ என்ன வேலதான் பாக்குத? சொல்லு. தம்பிட்ட கேட்டா கம்ப்யூட்டர்ங்கான். கம்ப்யூட்டர்ல என்னலேன்னா முழிக்கான். போற எடத்துல நாலு பேரு கேக்காவ, உன் தம்பி பொண்டாட்டி என்ன பண்ணுதான்னு. தெரியலன்னு சொல்லவா? கேவலமா இருக்காது? சும்மா இருக்கான்னு சொல்லிருவேன். ஒரு நாளாச்சும் எங்கிட்ட உக்காந்து சொல்லிருக்கியா நீ?"

சொன்னதில்லை. சொன்னாலும் இவளுக்கு எங்கே புரியப்போகிறது என்று நினைத்திருந்தேன். அதை அவளிடம் சொல்லவில்லை, இங்கே மட்டும் எழுதுகிறேன்.

உட்கார்ந்தேன். சொன்னேன். கரண்ட் ஏறியதும் மெஷினுக்குத் தன் கை கால் எங்கே என்றே தெரியாது, முதலில் ஒருத்தி விழித்து ஒவ்வொன்றாகத் தொட்டு எழுப்ப வேண்டும், அவளை எழுதுவதுதான் என் வேலை என்றேன். மைனி கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள். நடுவில் "கொடை வீட்டுல விடியக்காலம் எழுப்பிவிடுத பொம்பள மாதிரியா?" என்றாள். "ஆமா" என்றேன். "அவ எந்திரிக்கலன்னா ஒருத்தருக்கும் காப்பி கிடையாது" என்றாள். "ஆமா மைனி, அதேதான்."

அப்புறம் சுத்தமான கார்டைப் போட்டோம். போர்டு எழும்பவில்லை.

திரை கருப்பு. வேறு போர்டில் போட்டோம், அதுவும் கருப்பு. என் மேஜையில் இதே கார்டு இதே மாடல் போர்டில் ஓடியது, என் கண்ணால் பார்த்தேன்! எனக்கு வேர்த்துவிட்டது. மைனி பின்னால் நின்று, "எம் பேர எடுத்தா எந்திரிக்க மாட்டேங்கு பாத்தியா" என்றாள். கேலிக்குத்தான் சொன்னாள். அவளுக்குத் திரும்பி ஒன்று சொல்ல வாயெடுத்தேன், அப்போதுதான் உறைத்தது. பெயரை மட்டுமா எடுத்தேன்? ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் இருந்த அந்த மூன்று நொடியையும் சேர்த்து எடுத்துவிட்டேன். என் மேஜையில் நல்ல சார்ஜர். இங்கே மைனியின் பெரிய பவர் சப்ளை, மெதுவாகத்தான் கரண்ட் ஏறும். ராமுக்குக் கரண்ட் முழுசாகப் போய்ச் சேரும் முன்னால் நான் அதைத் தட்டுகிறேன். அது எப்படி எழும்பும்? நல்லவேளை, கொடைக்கு இந்தக் கார்டை அவள் வாங்கிக்கொள்ளவில்லை. வாங்கியிருந்தால் திரையே வந்திருக்காது.

பழைய இரண்டாவது வரிக்கும் மூன்றாவது வரிக்கும் நடுவில் கண்சிமிட்டும் நேரம் நின்றால் போதும். எழுதினேன், இந்தத் தடவை சுத்தமான போல்டரில். போட்டோம். கிளி வந்தது, கருப்பே இல்லாமல், உடனே. மைனி என் முதுகில் ஒன்று வைத்தாள், நல்ல அடி.

சாக்கில் இருந்த போர்டு அத்தனையையும் மாட்டிப் பார்த்தோம். அவள் பிளக்கைப் பிடுங்குகிறாள், மாட்டுகிறாள், பிடுங்குகிறாள். "கொடைல இப்பிடித்தான் போவும்" என்கிறாள். நடுவில் மைதீன் வடையும் டீயும் கொண்டுவந்தான். அங்கே உட்கார்ந்தே ஒன்பதாவது தடவையாகக் குழுவுக்கு அனுப்பினேன்.

"இப்ப நீங்க அனுப்பணும் மைனி. நான் வேணா எழுதித் தரட்டா?"

"நீ கெளம்பு. பக்கத்துல நின்னா எனக்கு எழுத வராது. அந்த ஜெர்மன்காரன் என்ன கேட்டிருந்தான்? அதயும் மைதீன்ட காட்டிட்டுப் போ."

வீட்டுக்கு வந்துவிட்டேன். ஏழு மணி ஆகிறது. மெயில் வரவில்லை. மன்னித்துக்கோங்க மைனி என்று ஒரு வார்த்தை நான் சொல்லவே இல்லை என்பது இப்போதுதான் ஞாபகம் வருகிறது. அவள் அனுப்பாவிட்டாலும் அவள்மேல் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. படுக்கப் போகிறேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

ஆடி வெள்ளி. வாசல் தெளித்துவிட்டு வந்து லேப்டாப்பைத் திறந்தேன். மைனியின் மெயில் இருந்தது. மைதீன் இங்கிலீஷில் அடித்திருக்கிறான், ஆனால் குரல் அவளுடையது. நான் தமிழில் எழுதி வைக்கிறேன்:

"ஐயா, நேற்று அனுப்பினது செல்லாது என்றீர்கள். சரி. இன்று புதுசாக டெஸ்ட் செய்தோம். முதலில் எழும்பவில்லை, அங்கேயே உட்கார்ந்து சரி செய்தாள். இப்போது கடையில் உள்ள எல்லாப் போர்டும் எழும்புகிறது. பிளக்கைப் பிடுங்கிப் பிடுங்கிப் பார்த்தோம், எழும்புகிறது. செண்பகம் என்றால் என்ன என்று கேட்டிருந்தீர்கள். அது நான்தான். இதை எழுதினவள் என் தம்பி மனைவி. கரண்ட் வந்ததும் மெஷினில் முதலில் விழிக்கிற புரோகிராமை எழுதுகிற வேலை பார்க்கிறாள். முழு நேர வேலை.

சோதித்தவர்: செண்பகவல்லி."

அதற்குக் கீழே ஹெனிங் ஒரே வரி போட்டிருந்தார்: "விளக்கத்துக்கு நன்றி. சேர்த்தாகிவிட்டது."

'முழு நேர வேலை' என்பதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அடக்க முடியாமல் அழுதுவிட்டேன். இவர் குளித்த தலையோடு ஓடி வந்து, "என்ன, சேக்கலையா?" என்று பதறினார். "சேத்துட்டாவ" என்று சொல்லி மெயிலைக் காட்டினேன். அவர் படித்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு அக்காவைக் கூட்டிவரக் கிளம்பிவிட்டார்.

இலை போட்டாகிவிட்டது, பாயசம் இறக்க வேண்டும், மைனிக்கு இனிப்புக் கொஞ்சம் கூட வேண்டும். பராமரிப்பாளர் பக்கத்தில் என் பெயர் ஏறியிருக்கும். அதை இன்னும் திறந்து பார்க்கவில்லை.